மாதவரத்தில் தோட்ட வேலியை நகர்த்தினோம்: மூலக்கடை தூண் கடை பற்றி

மூலக்கடை மேம்பாலம் இறங்கி மாதவரம் வரும் வழியில், சிமெண்ட் தூண்களைச் சுவரில் சாய்த்து அடுக்கி, கம்பி வலைச் சுருள்களை வாசலில் நிறுத்தி வைத்திருக்கும் சின்னக் கடை. பெயர்ப் பலகை வெயிலில் வெளுத்து எழுத்தே தெரியாது. அக்கம்பக்கத்தில் "தூண் கடை" என்று கேட்டால் கை காட்டுவார்கள். பொருள் விற்பதோடு, பழைய வேலியைப் பிரித்து வேறு இடத்தில் நட்டுத் தரும் வேலையையும் எடுத்துச் செய்கிறார்கள். எங்கள் தோட்ட வேலியை நகர்த்தும் வேலையை இவர்களிடம்தான் கொடுத்தோம். வேலை முடிந்து ஒரு வடகிழக்குப் பருவமழையும் கடந்துவிட்டது. வேலியின் லட்சணம் மழைக்குப் பிறகுதான் தெரியும் என்பதால் இவ்வளவு நாள் பொறுத்திருந்து எழுதுகிறேன்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அந்த அரை ஏன் குறைகிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன். நல்ல தூணும் நல்ல வலையும் வடசென்னையில் நாலைந்து கடைகளில் கிடைக்கும். ஆனால் எல்லைக் கல்லைக் கண்ணால் பார்க்காமல், பக்கத்து வீட்டுக்காரரை நேரில் நிற்க வைக்காமல் ஒரு குழிகூடத் தோண்ட மாட்டோம் என்று சொல்லும் ஆட்களை நான் இங்கேதான் பார்த்தேன். வேலை கைநழுவிப் போனாலும் பரவாயில்லை என்று நின்றார்கள். அதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் மனை ஒரு கிரவுண்டு. நாற்பதுக்கு அறுபது அடி. அப்பா 1980களில் வாங்கிப் போட்டது. கிழக்குப் பக்கம் அறுபது அடி நீளத்துக்குக் கிளுவையும் பூவரசும் நட்டு, நடுநடுவே சவுக்குக் கட்டை ஊன்றி, முள்கம்பி இழுத்த வேலி இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தெருத் தண்ணீர் தோட்டத்துக்குள் நின்று, சவுக்குக் கட்டைகள் அடியில் இற்றுப்போய்ப் பாதி வேலி சாய்ந்துவிட்டது. அதற்கப்புறம் கயிறு கட்டி ஓட்டிக்கொண்டிருந்தோம். கிளுவை வருஷத்துக்கு வருஷம் தடிக்கும். கம்பி மாற்றும் ஒவ்வொரு தடவையும் மரத்துக்கு இந்தப் பக்கம்தான் கம்பி அடித்து வந்தோம். அதனால் வேலி எல்லையை விட்டு எங்கள் பக்கம் உள்ளே வந்துவிட்டது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு என்பதுதான் தெரியாது. கறிவேப்பிலையும் கத்தரிப் பாத்தியும் வைக்க இடம் பற்றவில்லை என்று என் மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள். சரி, புது வேலி போடும்போது அதை அதன் இடத்திலேயே போட்டுவிடுவோம் என்று முடிவு செய்தோம்.

முதலில் வேறொருவர் வந்து பார்த்தார். யார் என்பது வேண்டாம். "சர்வே கிர்வேன்னு போனா இழுத்துக்கினே இருக்கும் சார். சனிக்கெழம சாயங்காலம் ஆரம்பிச்சா ஞாயித்துக்கெழம ராத்திரிக்குள்ள நட்டுட்டுப் போயிருவேன். திங்கக்கெழம யார் வந்து கேட்டாலும் வேலி நின்னுக்கினு இருக்கும்" என்றார். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காவும் நாங்களும் முப்பது வருஷத்துக்கு மேலாக ஒரே வேலிக்கு இரண்டு பக்கமும் குடியிருக்கிறோம். அவர் வீட்டுக்காரர் தவறியபோது பந்தல் போட்டதே எங்கள் தோட்டத்தில்தான். ஊருக்குப் போய்த் திரும்பி வரும்போது வேலி நகர்ந்து நின்றால் அந்த அம்மாவின் மனசு என்ன பாடுபடும்? காசு கொடுத்து விரோதத்தை வாங்கும் வேலை அது. வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

தூண் கடையில் கல்லாவில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். கடை அவருடையதுதான். கணக்கு, பேச்சு எல்லாம் அவர். வேலைத் தளம் மேஸ்திரியின் பொறுப்பு. அறுபது அடிக்கு என்ன ஆகும் என்று நான் கேட்டதற்கு அவர் விலையைச் சொல்லவில்லை. "அளந்தாச்சா சார்? கல்லு எங்க இருக்குன்னு தெரியுமா? பக்கத்து வூட்ல சொல்லிட்டீங்களா?" என்று மூன்று கேள்வி கேட்டார். மூன்றுக்கும் பதில் இல்லை என்றதும், "மூணும் முடிச்சிட்டு வாங்க. அப்பால வெலை பேசலாம். ஒரு ரூவா அட்வான்ஸும் வேணாம்" என்றார். பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அளவு குறிக்காமல் துளை போடக் கூடாது என்று பழகிய கைக்கு அந்த அம்மாவின் பேச்சு மிகவும் பிடித்துப்போனது.

இப்போது எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். தோட்ட வேலியை மாற்றிப் போட அனுமதி வாங்க வேண்டுமா? எங்கள் வார்டு அலுவலகத்துக்குப் போய் உதவிப் பொறியாளரிடமே கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். சொந்த மனைக்குள், தூண் நட்டுக் கம்பி வலை இழுப்பதற்குக் கட்டட வரைபடம் கொடுத்து அனுமதி வாங்கச் சொல்லி நாங்கள் கேட்பதில்லை. அஸ்திவாரம் தோண்டிச் செங்கல் மதில் எழுப்புவதாக இருந்தால் ஆரம்பிப்பதற்கு முன்னால் வந்து கேளுங்கள். தெருப் பக்கம் எதைத் தொடுவதாக இருந்தாலும் கண்டிப்பாக வந்து கேளுங்கள் என்றார். ஆகப் பக்கத்து மனைக்கு நடுவில் இருக்கும் வேலி என்றால் அது மாநகராட்சியோடு பேச வேண்டிய விஷயமே இல்லை. எல்லை எங்கே என்பது வருவாய்த் துறை, நில அளவைத் துறை சம்பந்தப்பட்டது. அந்த எல்லைக்குள் யார் எவ்வளவு நாளாக அனுபவித்து வருகிறார்கள் என்பது பக்கத்து வீட்டாரோடு பேச வேண்டியது. நிறைய பேர் மாநகராட்சியில் ஒரு சீட்டு வாங்கிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். அந்தச் சீட்டு இருந்தாலும் எல்லைத் தகராறில் அது ஒன்றுக்கும் உதவாது.

மதிலே கட்டிவிடலாமே என்று மகன் சொன்னான். நான் வேண்டாம் என்றேன். எங்கள் பக்கம் மழை பெய்தால் தண்ணீர் மனைக்கு மனை தாண்டித்தான் வடியும். மதில் எழுப்பினால் நம் வீட்டுத் தண்ணீர் நம்மிடமே நிற்கும், இல்லாவிட்டால் அடுத்த வீட்டில் நிற்கும். வலைக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

அளவு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இங்கேதான் பலர் திணறுகிறார்கள். எங்கள் கிரயப் பத்திரத்தில் செங்கல்பட்டு மாவட்டம் என்று இருக்கும். 1997-ல் திருவள்ளூர் தனி மாவட்டமானதும் மாதவரம் அதற்குள் போனது. 2011-ல் மாதவரம் நகராட்சியைச் சென்னை மாநகராட்சியோடு சேர்த்தார்கள். 2018-ல் சென்னை மாவட்டத்தை விரிவாக்கியபோது மாதவரம் தாலுகாவும் திருவொற்றியூர் தாலுகாவும் சென்னை மாவட்டத்துக்குள் வந்தன. இது தெரியாமல் இணையத்தில் திருவள்ளூர் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, நம்ம ஊர் பட்டியலிலேயே இல்லை என்று கைவிடுகிறவர்கள் உண்டு. அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் சென்னை மாவட்டம் என்று போட்டுத் தேடினால் பட்டாவும் புல வரைபடமும் கிடைக்கும். புல வரைபடத்தைத்தான் எஃப்.எம்.பி. என்கிறார்கள். நகர அளவை முடிந்த இடங்களில் பட்டா நம்பருக்குப் பதிலாக வார்டு, பிளாக், டி.எஸ். நம்பர் என்கிற நகர அளவை எண் எல்லாம் கேட்கும். அதையும் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

பத்திரத்தில் அடிக்கணக்கு. வரைபடத்தில் மீட்டர். அறுபது அடி என்றால் 18.29 மீட்டர், நாற்பது அடி 12.19. ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி. பட்டாவில் அது 2.23 ஏர் என்று இருக்கும். ஒரு ஏருக்கு 100 சதுர மீட்டர். இந்த மூன்றையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டால் யார் வந்து அளந்தாலும் நாம் கூடவே நின்று சரிபார்க்கலாம்.

அரசு நில அளவரை வரவழைத்து எல்லை காட்டச் சொல்வதற்கு முன்பெல்லாம் தாலுகா அலுவலகத்துக்கு நேரில் போய் மனுக் கொடுக்க வேண்டும். 2023-லிருந்து தமிழ்நிலம் தளத்திலேயே கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம். அங்கே எஃப் லைன் என்று போட்டிருப்பது புலத்தின் எல்லைக் கோடு. தேதி குறித்ததும் நமக்கும் பக்கத்து மனைக்காரருக்கும் தகவல் வரும். தனியார் சர்வேயரை வைத்தும் அளக்கலாம், சீக்கிரம் முடியும். ஆனால் நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் அரசு அளவர் போட்டுக் கொடுத்த அறிக்கைக்குத்தான் மதிப்பு. கல்லாவில் இருந்த அம்மாவும் அதையேதான் சொன்னார். நாங்கள் காத்திருந்து அரசு அளவரையே வரவழைத்தோம்.

அளக்கும் நாளில் மேஸ்திரி காசு வாங்காமல் வந்து நின்றார். கல் எங்கே வருகிறது என்று தன் கண்ணால் பார்க்க வேண்டுமாம். தெருப் பக்கத்து மூலைக் கல் சுலபமாகக் கிடைத்தது. பின்பக்கத்துக் கல்லைத்தான் காணவில்லை. அளவர் அடுத்த தெரு மனையிலிருந்த ஒரு கல்லையும் எங்கள் முன்பக்கக் கல்லையும் பிடித்து, வரைபடத்தில் இருந்த தூரங்களை இரண்டிலிருந்தும் டேப்பால் இழுத்து, இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் செருப்புக் காலால் ஒரு கோடு கிழித்தார். அது எங்கள் துணி துவைக்கும் கல்லுக்கு நேர் கீழே வந்தது. துவைகல்லைப் புரட்டிவிட்டு மேஸ்திரி கடப்பாரையால் குத்திப் பார்த்தார். களிமண்ணில் கடப்பாரை சத்தமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. முழங்கால் ஆழம் போனதும் ணங்கென்று ஒரு சத்தம். கையால் மண்ணை வழித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கருங்கல், தலையில் கொத்தின குறியோடு. பக்கத்து வீட்டு அக்காவும் குனிந்து அந்தக் குறியை விரலால் தடவிப் பார்த்தார். அவர் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது இந்தக் கல் மேலே தெரியுமென்று அவரே சொன்னார். அந்த ஒரு வார்த்தை எந்த அறிக்கையையும்விட எங்களுக்குப் பெரிதாக இருந்தது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இடைஞ்சலாக இருக்கிறது என்று எல்லைக் கல்லைப் பிடுங்கிப் போடுவதோ, நகர்த்தி வைப்பதோ குற்றம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 434-வது பிரிவு. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 326-க்குள் வருகிறது. ஒரு வருஷம் வரை சிறைத் தண்டனை கொடுக்கலாம். கார் நிறுத்த இடைஞ்சல் என்று கல்லை எடுத்துப் பூந்தொட்டிக்கு முட்டுக் கொடுத்திருப்பவர்களை எங்கள் பக்கமே பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள்.

இரண்டு கல்லுக்கும் நடுவே நூல் கட்டியதும் விஷயம் தெரிந்தது. பின்பக்கம் பழைய வேலி சரியாகக் கல்லின் மேலேயே இருக்கிறது. தெருப் பக்கம் வர வர உள்ளே வாங்கி, முன் மூலையில் ஒன்றே முக்கால் அடி எங்கள் நிலத்துக்குள் வந்திருக்கிறது. நீள முக்கோணமாக, ஐம்பது சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். பெரிய இடம் இல்லை. ஆனால் அந்த முக்கோணத்தின் அகலமான முனையில்தான் அக்காவின் மல்லிகைப் பந்தல் நிற்கிறது. பந்தலின் இரண்டு கால்களும் மல்லிகைத் தூரும் நூலுக்கு இந்தப் பக்கம்.

அக்கா முகம் வாடிவிட்டது. "இத்தினி வருசமா இல்லாத அளவு இப்ப எதுக்குத் தம்பி?" என்றார். ஓசூரில் இருக்கும் அவர் மகன் போனில், "பன்னெண்டு வருஷத்துக்கு மேல எங்க அனுபவத்துல இருக்கு மாமா, யோசிச்சுச் செய்யுங்க" என்றான். பையன் சொன்னதில் விஷயம் இருக்கிறது. 1963-ம் வருஷத்துக் காலவரையறைச் சட்டப்படி, தனியார் நிலத்தை உரிமைக்காரருக்கு எதிராக, அவருக்குத் தெரியும்படி, விடாமல் 12 வருஷம் தன் சொந்தம்போல அனுபவித்தவரிடமிருந்து அதை வழக்குப் போட்டு மீட்பது கஷ்டம். ஆனால் சம்மதத்தோடு விட்டு வைத்த இடத்துக்கு அந்தக் கணக்கு ஓடாது. எங்கள் விஷயத்தில் அந்தப் பந்தலைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னதே என் அம்மாதான். அது அக்காவுக்கும் நன்றாகத் தெரியும், பையனுக்குத்தான் தெரியாது. பத்திரத்தில் ஓர் அளவு, வரைபடத்தில் ஓர் அளவு என்று வந்து இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்காமல் நின்றால், அதைத் தீர்த்து வைக்க அளவருக்கு அதிகாரம் இல்லை, சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். வடசென்னையில் ஒரு முழ இடத்துக்காக ஹைகோர்ட் வாசல் வரை போய் வீட்டையே விற்ற குடும்பங்களை எனக்குத் தெரியும்.

அந்த இடத்தில் மேஸ்திரி சொன்ன யோசனைதான் எங்களைக் காப்பாற்றியது. "வேலி நூல் மேலயே நேரா போவட்டும். பந்தக் காலு ரெண்டையும் நான் அந்தாண்ட மாத்தி நட்டுக் குடுக்கறேன், கூலி வேணாம். மல்லிப்பூச் செடி அங்கயே இருக்கட்டும். வலையில அந்த எடத்துல மட்டும் கீழ கொஞ்சம் வெட்டி வுட்டா கொடி இப்பிடியே ஏறி அந்தாண்ட போவும்." அக்கா சரி என்று தலையாட்டினார். தூர் எங்கள் மண்ணில், பூ அவர் பந்தலில். என் மனைவி தினமும் அதற்குத் தண்ணீர் விடுகிறாள். காலையில் ஒரு கை பூ வேலிக்கு மேலாக வந்துவிடுகிறது.

பேச்சோடு விடாமல் எழுதியும் வைத்தோம். அளவர் அறிக்கையின் நகலைப் பின்னால் இணைத்து, வேலி இன்ன கல்லிலிருந்து இன்ன கல்லுக்கு நேராகப் போகிறது, மல்லிகைச் செடி இன்னாருடைய நிலத்தில் அவருடைய சம்மதத்தின் பேரில் இருக்கிறது, அக்கா வீட்டு மொட்டை மாடிக் குழாய்த் தண்ணீர் இனி அவர்கள் பக்கமே இறங்கும் என்று மூன்று விஷயம். குழாய் விஷயத்தைக் கிளப்பியதும் மேஸ்திரிதான். 1882-ம் வருஷத்து வசதியுரிமைச் சட்டத்தில், பக்கத்து நிலத்தின் வழியாகத் தண்ணீர் விடுவது மாதிரியான ஒன்றை 20 வருஷம் தடையில்லாமல் உரிமையாகச் செய்து வந்தால் அது நிலைத்த உரிமையாகிவிடும். வேலி மாறும்போதே அதையும் பேசி முடித்துவிடுவது இரண்டு பக்கத்துக்கும் நிம்மதி. இரண்டு பிரதி, இரண்டு பக்கமும் கையெழுத்து, எதிர்வீட்டுக்காரர் சாட்சி.

தெருப் பக்கம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிழக்கு வேலியை நீட்டி மழைநீர் வடிகால் மூடி வரை கொண்டுபோனால் தொட்டிகள் வைக்கலாமே என்று வீட்டில் ஒரு பேச்சு வந்தது. மேஸ்திரி ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு சாண்கூட நட மாட்டேன், அது மாநகராட்சி இடம், வடிகால் தூர் வார வருகிறவர்கள் பிடுங்கிப் போட்டால் கடைக்குத்தான் கெட்ட பேர் என்றார். முன் மூலைக் குழி தோண்டும் முன் மின்சாரக் கேபிளும் மெட்ரோ வாட்டர் குழாயும் எந்தப் பக்கம் வருகின்றன என்று கேட்டு, அந்த ஒரு குழியைக் கடப்பாரை போடாமல் மண்வெட்டியால் மட்டும் சுரண்டிச் சுரண்டி எடுத்தார்கள். எங்கள் பக்கம் கேபிள் தரைக்கடியில் போகிறது. இந்த எச்சரிக்கை இல்லாத ஆட்களை வைத்துத் தோண்டுவது உயிரோடு விளையாடுவது.

வேலையின் தரத்துக்கு வருவோம். பழைய வேலியைப் பிரிப்பதே ஒரு பெரிய வேலையாக இருந்தது. முள்கம்பி பூவரசுப் பட்டைக்குள் புதைந்து, மரம் அதைச் சுற்றி மூடிக்கொண்டிருந்தது. இழுத்துப் பிய்க்காமல் இரண்டு பக்கமும் வெட்டிவிட்டு உள்ளே இருந்ததை அப்படியே விட்டார்கள். பூவரசு ஒன்றைக்கூட வெட்டவில்லை. கிளுவைக் கொம்புகளை நறுக்கிக் கட்டி வைத்தார்கள். மணலி பக்கமிருந்து ஒருவர் வந்து வேலி வைக்கக் கேட்டு வாங்கிப் போனார். கிளுவை எங்கே குத்தினாலும் பிடித்துக்கொள்ளும்.

தூண் ஏழு அடி. இரண்டு அடி மண்ணுக்குள், ஐந்து அடி வெளியே. ஏழரை அடிக்கு ஒன்றாக ஒன்பது தூண், இரண்டு முனையிலும் சாய்வாக ஒரு முட்டுத் தூண். முட்டுத் தூண் இல்லாமல் வலையை இழுத்தால் முனைத் தூண் உள்பக்கம் சாய்ந்துவிடும். விலை குறைவாகச் சொல்கிறவர்கள் முதலில் கைவைப்பது இந்த முட்டில்தான், கவனியுங்கள். எங்கள் களிமண்ணில் ஒரு நாள் திறந்து வைத்தாலே குழியில் தண்ணீர் ஊறும். ஆகவே காலையில் தோண்டிய குழியை மதியத்துக்குள் ஜல்லிக் கலவை போட்டு மூடினார்கள். கலவையின் தலையைத் தரைக்கு மேல் கூம்பாகப் பூசி, தண்ணீர் தூணடியில் நிற்காமல் வழியும்படி செய்தார்கள். ஒரு வாரம் தண்ணீர் ஊற்றி இறுகவிட்ட பிறகுதான் வலையைத் தொட்டார்கள்.

வலை விஷயத்தில் ஒரு சங்கடம் வந்தது. பேசியது 10 கேஜ். வந்து இறங்கியதைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம். வெர்னியர் வைத்துப் பார்த்தேன், 2.6 மில்லிமீட்டர் காட்டியது. அது 12 கேஜ். 10 கேஜ் என்றால் 3.25 வர வேண்டும். கேஜ் எண் ஏற ஏறக் கம்பி மெலிசாகும், இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடை அம்மாவுக்குப் போன் செய்தேன். தர்க்கம் பண்ணவில்லை. குடோனில் சீட்டு மாற்றிக் கட்டியிருக்கிறார்கள் என்று சொல்லி அன்று மாலையே வண்டி அனுப்பிச் சுருளை மாற்றிக் கொடுத்தார். வண்டிக் கூலியும் கேட்கவில்லை.

வலை இழுத்ததை நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். கண்ணிகளுக்குள் மேலிருந்து கீழாக ஓர் இரும்புக் கம்பியை நுழைத்து, அதில் கயிறு கட்டி இரண்டு பேர் இழுக்க, மேஸ்திரி கண்ணிகளின் வடிவத்தை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தார். கண்ணி சதுரமாக இருந்தால் தளர்வு, நீள வைரமாக ஆனால் இழுத்தது அதிகம், இரண்டுக்கும் நடுவில் நிறுத்த வேண்டும் என்றார். சுருள் தீர்ந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் கட்டுக் கம்பி போட்டுக் கட்டவில்லை. ஒரு ஒற்றைக் கம்பியைத் திருகித் திருகி இரண்டு சுருளின் ஓரக் கண்ணிகளிலும் மேலிருந்து கீழே இறக்கினார். இறங்கி முடிந்ததும் ஒட்டு எங்கே என்று எனக்கே தெரியவில்லை. கைவேலை தெரிந்தவன் அதைப் பார்த்தால் சந்தோஷப்படுவான்.

இனி குறை. தோட்டத்துக்குள் நுழைய மூன்றடி அகலத்தில் ஒரு சின்னக் கேட் செய்து கொடுத்தார்கள். ஜி.ஐ. குழாயில், அதாவது துத்தநாகம் பூசின இரும்புக் குழாயில் செய்ததுதான். ஆனால் வெல்டிங் வைத்த இடங்களில் சூட்டில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோய்விடும். அந்த இடங்களைத் தேய்த்து, துத்தநாகம் கலந்த பிரைமர் அடித்துத்தான் மேலே பெயிண்ட் போக வேண்டும். இவர்கள் நேராக வெள்ளிப் பெயிண்டை அடித்துவிட்டார்கள். முதல் மழையிலேயே நாலு மூலையிலும் துரு கசிந்தது. கடலும் தொழிற்சாலைகளும் இவ்வளவு கிட்டத்தில் இருக்கும் ஊரில் இரும்புக்கு இந்த அலட்சியம் ஆகாது. எர்ணாவூர், திருவொற்றியூர் பக்கம் வேலை கொடுப்பவர்கள் இதை முதலிலேயே கறாராகச் சொல்லிவிடுங்கள்; வலையையும் அங்கே பி.வி.சி. பூசினதாகக் கேளுங்கள். இன்னொன்று, குழி தோண்டிய களிமண்ணை எடுத்துப் போக ஆள் அனுப்புவதாகச் சொல்லிவிட்டு வெகு நாள் இழுத்தடித்தார்கள். கடைசியில் நாங்களே பாத்தி மேடாகப் போட்டுக்கொண்டோம்.

கேட்டைச் சேர்க்காமல் பிரிப்பது, தூண், வலை, கூலி எல்லாமாக இருபத்தைந்தாயிரத்துக்குள் முடிந்தது. முதலில் வந்து பார்த்தவர் சொன்னதைவிடக் கொஞ்சம் அதிகம்தான். பில் கேட்டால் மட்டுமே கொடுக்கிறார்கள், கேட்டு வாங்குங்கள். வேலை கொடுப்பதாக இருந்தால் மாசியிலிருந்து ஆனிக்குள் கொடுப்பது நல்லது; ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கத்துக் களிமண்ணில் குழி நிற்காது. அளவருக்கு விண்ணப்பிப்பதை அதற்கு முன்னாலேயே தொடங்கிவிடுங்கள்.

மழையில் ஒரு தூண்கூட அசையவில்லை, வலையில் தொய்வு இல்லை. கேட் துரு பற்றிக் கடை அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். தேய்த்து மறுபடி பிரைமர் அடிக்க இந்த வாரம் மேஸ்திரியை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். வந்து செய்துவிட்டுப் போனதும் அந்த அரை மதிப்பெண்ணையும் சேர்த்துவிடுகிறேன்.